இலை விற்கும் பாட்டிகளைத் தெரியுமா?

மரத்து இலையை என்ன செய்வோம்? பெருக்கித் தள்ளுவோம், இல்லாவிட்டால் கொளுத்துவோம். அந்த இலையைப் பறித்து, அடுக்கி, பெட்டி போட்டு விற்றே ஓர் ஊர் தலைநிமிர்ந்தது என்றால் நம்புவீர்களா? அதிலும் விற்கிறவர்கள் யார் தெரியுமா? எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள்!

ஊரின் பெயர் கமிகட்சு. ஜப்பானில் ஷிகோகு தீவின் மலைக்குள் இருக்கிறது. மொத்தமே 1,500 பேருக்கும் குறைவு. அதில் பாதிக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். ஒருகாலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களை நம்பி வாழ்ந்த ஊர். 1981இல் வந்த கடுங்குளிர் அந்த மரங்களைக் கருக்கிவிட்டது. இளவட்டங்கள் ஏற்கெனவே நகரத்துக்குக் கிளம்பியாயிற்று. மிச்சமிருந்த பெரியவர்களுக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை.

அந்த ஊர் விவசாயக் கூட்டுறவில் ஆலோசகராக இருந்தவர் தொமோஜி யொகோய்ஷி. 1986இல் ஒசாகா நகரத்து உணவகம் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த இளம்பெண்கள், தட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சிவந்த மேப்பிள் இலையை எடுத்து, எவ்வளவு அழகு என்று வியந்து, கைக்குட்டையில் பொதிந்து எடுத்துப் போனார்கள். இந்த இலை எங்கள் மலை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறதே! யொகோய்ஷிக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

ஊருக்கு வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? இலையை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று சிரித்தார்கள். துணிந்து இறங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தான். முதலில் அனுப்பிய இலைகள் விலைபோகவும் இல்லை. காரணம் என்ன தெரியுமா? தட்டின் அளவுக்கு இலை பொருந்தவில்லை! யொகோய்ஷி தன் சொந்தக் காசைச் செலவழித்து உயர்தர உணவகங்களுக்குப் போய்ப் போய்ச் சாப்பிட்டார். எந்தப் பருவத்துக்கு எந்த இலை, எந்தத் தட்டுக்கு எவ்வளவு நீளம், பருவம் பிறப்பதற்கு எத்தனை நாள் முன்னதாக அந்த இலை சமையலறையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அப்படித்தான் கற்றுக்கொண்டார். கற்றதை ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இன்று 300க்கும் மேற்பட்ட வகை இலைகளும் பூங்கொத்துகளும் அங்கிருந்து போகின்றன. ஆண்டு விற்பனை 20 கோடி யென்னைத் தாண்டிய காலங்கள் உண்டு. பாட்டிகள் காலையில் எழுந்ததும் கணினியையோ டேப்லெட்டையோ திறக்கிறார்கள். ஆர்டர் விழுந்ததும் யார் முதலில் ‘நான் தருகிறேன்’ என்று தட்டுகிறாரோ, அவருக்கே அது! தட்டிவிட்டு, கத்தரியோடு தோட்டத்துக்கு இறங்கிவிடுவார்கள். விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் முந்திவிட வேண்டும் என்ற வேகம் எண்பது வயதிலும் வருகிறது. கட்டிலில் முடங்கக்கூடிய வயதில் கையில் ஒரு தொழில், சொந்த வருமானம், நாளைக்கு என்ன ஆர்டர் வரும் என்ற எதிர்பார்ப்பு!

இதோடு நின்றதா கமிகட்சு? 2003இல் இன்னொரு அதிரடி. எங்கள் ஊரில் இனி குப்பையே இருக்காது என்று ஜப்பானிலேயே முதல் ஊராக அறிவித்தது. குப்பை வண்டி வீடு வீடாக வருவது கிடையாது. சமையல் கழிவு அவரவர் வீட்டிலேயே உரமாகிவிடும். மற்றதையெல்லாம் கழுவிக் காயவைத்து, மக்களே நிலையத்துக்குக் கொண்டுவந்து பிரிக்கிறார்கள். எத்தனை வகையாகத் தெரியுமா? ஒரு கட்டத்தில் 45! காகிதத்திலேயே பல ரகம், உலோகத்திலேயே பல ரகம். ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஓர் அட்டை இருக்கும். இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவா செலவா என்று அதில் எழுதியிருக்கும். எனக்கு 45 என்ற எண்ணைவிட அந்த அட்டைதான் பெரிய வியப்பு. தான் தூக்கி எறிகிற ஒரு பாட்டில் ஊர்க் கஜானாவில் என்ன செய்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே தெரிகிறது!

2020க்குள் குப்பையை முழுவதும் ஒழிப்பதாக எடுத்த உறுதி நிறைவேறவில்லை. சுமார் 80 சதவீதம்வரை மறுசுழற்சிக்குப் போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, பிரிக்க முடியாதபடி தயாரித்து அனுப்பப்படும் பொருட்கள். அதற்கு ஊர் என்ன செய்யும்? கேள்வி தயாரிப்பாளர்களுக்குத்தான். 2020இல் திறந்த புதிய குப்பை மேலாண்மை மையத்தின் கட்டடத்தை மேலிருந்து பார்த்தால் என்ன வடிவம் தெரியுமா? ஒரு பெரிய கேள்விக்குறி! ஏன் வாங்கினாய், ஏன் எறிந்தாய், ஏன் தயாரித்தாய் என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது அந்தக் கட்டடம்.

அப்படியே பூமியின் மறுபக்கம் போவோம். பிரேசில். ஃபோர்த்தலேசா நகரின் ஓரத்தில் கொஞ்ஜுந்தோ பல்மெய்ராஸ் என்று ஒரு குடியிருப்பு. 1970களில் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மீனவர்களும் ஏழைகளும் கொண்டுவந்து விடப்பட்ட இடம். சாலை இல்லை, சாக்கடை இல்லை, தண்ணீர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் போராடி, பாதியைத் தங்கள் கையாலேயே கட்டி, 25 வருடத்தில் அதை ஒரு ஊராக்கினார்கள். ஆனால் வறுமை மட்டும் போகவே இல்லை.

1997இல் குடியிருப்போர் சங்கம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நம் மக்கள் சோப்பு எங்கே வாங்குகிறார்கள், அரிசி எங்கே, துணி எங்கே? பதிலைப் பார்த்து அசந்துபோனார்கள். வாங்குவதில் 80 சதவீதம் வெளியே! பணம் இல்லாததால் ஏழையாக இல்லை. வருகிற பணம் ஒருநாள்கூட ஊரில் தங்காததால் ஏழையாக இருக்கிறார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள் இத்தனை காலமும்.

ஓட்டையை எப்படி அடைத்தார்கள் தெரியுமா? 1998இல் தாங்களே ஒரு வங்கி திறந்தார்கள். பெயர் பால்மாஸ் வங்கி. அதை முன்னின்று தொடங்கியவர் ஜோவாக்கிம் மெலோ, பாதிரியாராவதற்குப் படிக்க வந்து அந்தக் குடியிருப்பிலேயே தங்கிவிட்டவர். கையிலிருந்த முதல் எவ்வளவு? 2,000 ரெயால். அவ்வளவுதான்! வட்டிக்கடைக்காரர்கூடச் சிரிக்கக்கூடிய தொகை. பிறகு ஊருக்குள் மட்டும் செல்லுகிற ‘பால்மாஸ்’ என்ற நோட்டையும் அச்சடித்தார்கள். அந்த நோட்டில் வாங்கினால் கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பார். அவரும் அதை ஊருக்குள்தான் செலவழித்தாக வேண்டும். என்னென்ன பொருளுக்குப் பணம் வெளியே போகிறது என்பதுதான் கணக்கெடுப்பிலேயே தெரிந்துவிட்டதே! துப்புரவுப் பொருட்கள் அதிகம் வாங்குகிறார்களா, அதைச் செய்ய ஊரிலேயே ஒரு சிறு தொழிலகம். துணிமணிக்கு ஒரு தையலகம்.

அரசின் மத்திய வங்கி சும்மா இருக்குமா? நோட்டு அடிக்க நீங்கள் யார் என்று முதலில் எதிர்த்தது. பிறகு அதே மத்திய வங்கி இந்த முறையை ஏற்றுக்கொண்டு கைகொடுத்தது. பின்னாளில் எடுத்த கணக்கில் ஊர் மக்கள் வாங்குவதில் 90 சதவீதத்துக்கும் மேல் ஊருக்குள்ளேயே நடந்தது. பிரேசில் முழுக்க இப்போது இப்படிப்பட்ட சமூக வங்கிகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் வரும் ஊர்களிலேயே என்னை அதிகம் அசைத்தது இதுதான். படிப்போ பணமோ பதவியோ கைவசம் இல்லாதவர்கள், தங்கள் வீட்டு மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டே பொருளாதாரம் கற்றுக்கொண்டார்கள்!

ஊர் தனக்கென நோட்டு அடிப்பது புதிதா என்றால், இல்லை. ஆஸ்திரியாவில் வோர்கல் என்ற சிற்றூர். ஆண்டு 1932. உலகமே பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்த நேரம். ஊரில் நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்து நின்றார்கள், வரி வரவில்லை, தெருவோ குண்டும் குழியும். மேயர் மிகயேல் உன்டர்குகன்பெர்கர் ரயில்வே தொழிலாளியாக இருந்தவர். செய்யவேண்டிய வேலை ஊரில் இருக்கிறது, செய்யக் கைகளும் இருக்கின்றன, நடுவில் பணம் மட்டும் இல்லை என்பதைப் பார்த்தார். ‘வேலைச் சான்று’ என்று சீட்டுகளை அச்சடித்து, அதற்கு ஈடாக உண்மையான ஷில்லிங்கை வங்கியில் போட்டுவைத்தார். சாலைப் பணியாளர்களுக்கு அந்தச் சீட்டில் கூலி.

இனிமேல்தான் வியப்பு! அந்தச் சீட்டை வைத்திருந்தால் மாதத்துக்கு 1 சதவீதம் மதிப்புக் குறையும். மாதம் பிறந்ததும் அந்தத் தொகைக்கு ஒரு வில்லை வாங்கி ஒட்டினால்தான் செல்லும். சீட்டிலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு இடம் விட்டிருந்தார்கள். அப்புறம் யார் அதைப் பெட்டியில் பூட்டுவார்கள்? வாங்கிய கையோடு செலவழித்தார்கள். பழைய வரி பாக்கியைக்கூட ஓடிவந்து கட்டினார்கள்! வந்த வரி மறுபடியும் கூலியாக இறங்கியது. தெருக்கள் செப்பனிடப்பட்டன, பாலம் எழுந்தது, பனிச்சறுக்குத் தாவுதளம்கூடக் கட்டினார்கள். நாட்டில் வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தபோது வோர்கலில் இறங்கியது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் இந்த முறையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மற்ற ஊர்களும் கிளம்பின. பதறிப்போன ஆஸ்திரிய தேசிய வங்கி 1933 செப்டம்பரில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. பதினாலு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. ஆனாலும் தொண்ணூறு ஆண்டுகளாக உலகம் பேசிக்கொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டாட்னஸ் என்ற ஊரும் 2007இல் தனக்கென ஒரு பவுண்டு நோட்டை வெளியிட்டது. முதலில் வெறும் 300 நோட்டு, ஏற்றுக்கொண்டவை 18 கடைகள். பிறகு வந்த வரிசையில் 21 பவுண்டு நோட்டு என்று ஒன்றுகூட இருந்தது. நம் கல்யாண மொய்க்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கும்! சின்ன ஊர்தான், சுமார் 8,000 பேர். ஆனால் 2012இல் காஸ்டா என்ற பெரிய காபிக் கடை நிறுவனம் அங்கே கிளை திறக்க வந்தபோது, ஏற்கெனவே எங்களுக்குச் சொந்தக் காபிக் கடைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, நீங்கள் வேண்டாம் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அனுமதி கிடைத்த பிறகும் நிறுவனம் திரும்பிப் போய்விட்டது! அடுத்த ஆண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சுற்றுவட்டார மக்கள் உணவுக்கு ஆண்டுதோறும் செலவிடுவது 3 கோடி பவுண்டு, அதில் 2.2 கோடி இரண்டே இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போகிறது. பல்மெய்ராஸ் ஏழைகள் 1997இல் எடுத்த அதே கணக்கு! டாட்னஸ் பவுண்டுக்கு 2019இல் விடைகொடுத்தார்கள். எல்லாரும் அட்டையைத் தட்டிப் பணம் செலுத்தத் தொடங்கிய பிறகு காகித நோட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

இந்த டாட்னஸுக்கு நம் தாகூர் உறவு என்பது தெரியுமா? மெய்தான்! 1922இல் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதன் என்ற கிராம மறுசீரமைப்பு நிலையத்தைத் தாகூர் தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநராக இருந்தவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வேளாண் வல்லுநர். அவர் ஊர் திரும்பியதும், தாகூரின் தூண்டுதலோடு, டாட்னஸை ஒட்டி டார்டிங்டன் ஹால் என்ற பழைய பண்ணையை 1925இல் வாங்கி, அதே மாதிரி ஒரு கிராம முயற்சியைத் தொடங்கினார். வங்காளத்துச் செம்மண்ணில் முளைத்த யோசனை இங்கிலாந்தில் போய் வேர்விட்டிருக்கிறது.

அதே நாட்டில் டாட்மர்டன் என்ற ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காய்கறி பயிரிடுகிறார்கள், தெரியுமா? 2008இல் பாம் வார்ஹர்ஸ்ட்டும் மேரி கிளியரும் சில நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. ரயில் நிலையத்தில் கொத்து கொத்தாக மூலிகை, சுகாதார நிலையத்தைச் சுற்றி மருந்துச் செடிகள். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம், காசு கிடையாது! பார்க்க வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியதும் சந்தையும் சூடுபிடித்தது.

காற்றைப் பிடித்த ஊர்களுக்கு வருவோம். டென்மார்க்கின் சாம்சோ தீவு. புது உருளைக்கிழங்குக்குப் பேர்போன இடம். சுமார் 4,000 பேர். 1997இல் அரசு ஒரு போட்டி வைத்தது: எந்தத் தீவு முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும்? சாம்சோ ஜெயித்தது. ஜெயித்ததற்குக் கட்டுக்கட்டாகப் பணம் வரவில்லை. ஊரார்தான் போட வேண்டும். ஸோரன் ஹெர்மன்ஸன் என்ற உள்ளூர்க்காரர் வீடு வீடாக, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். விவசாயிகள் கடன் வாங்கிக் காற்றாலை நட்டார்கள்; நூற்றுக்கணக்கானோர் பங்கு வாங்கினார்கள். நிலத்தில் 11, கடலில் 10! வயலில் மிஞ்சுகிற வைக்கோலை எரித்துச் சுடுநீராக்கி, குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் குளிரை விரட்டுகிறார்கள். வெளியிலிருந்து நிலக்கரி மின்சாரம் வந்துகொண்டிருந்த அதே கடலடிக் கம்பியில் இன்று தீவின் காற்று மின்சாரம் வெளியே போகிறது.

அட, டென்மார்க்வரை எதற்கு? மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை இருக்கிறதே! ஒரு கிராம ஊராட்சி சொந்தமாகக் காற்றாலை வாங்கியது தெரியுமா? தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற கரண்ட் பில் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. தலைவராக இருந்த ஆர். சண்முகம் ஒரு முடிவுக்கு வந்தார்: பில் கட்டுகிற காசில் நாமே மின்சாரம் தயாரித்தால் என்ன? காற்றாலையின் விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி பல ஆண்டு சேர்த்துவைத்தது 40 லட்சம். மீதிக்கு வங்கிக் கடன். 2006இல் 350 கிலோவாட் காற்றாலை சுழலத் தொடங்கியது. ஓடந்துறையில் அல்ல! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சீறிக்கொண்டு வருகிற உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில். அங்கே மின்வாரியக் கம்பியில் ஏறுகிற மின்சாரம் இங்கே ஊராட்சியின் கணக்கில் கழிகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட். ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சம் வாரியத்துக்கு விற்பனை. கட்டணம் கட்டி மாளாமல் தவித்த ஒரு பஞ்சாயத்து, மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்கிறது!

மகாராஷ்டிராவின் ஹிவரே பஜார் இன்னும் ஒரு படி மேலே. ஆண்டு மழை சுமார் 400 மில்லிமீட்டர்தான். நம் ராமநாதபுரத்துக்குக் கிடைப்பதில் பாதி. 1995இல் 182 குடும்பங்களில் 168 வறுமைக் கோட்டுக்குக் கீழே. போபட்ராவ் பவார் தலைமையில் ஊரே மண்வெட்டி தூக்கியது. மலைச்சரிவில் வரப்பு வெட்டினார்கள், தடுப்பணை கட்டினார்கள், மரத்தை வெட்டக் கூடாது, ஆடுமாடு கண்ட இடத்தில் மேயக் கூடாது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடவே கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். தண்ணீர் குடிக்கும் கரும்புக்கும் வாழைக்கும் தடை. மழைக்காலம் முடிந்ததும் கிராமசபை கூடி, இந்த வருடம் எவ்வளவு பெய்தது, கிணறுகளில் எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் பார்க்கும். முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிநீர், பிறகு பயிர். குறைவாகப் பெய்திருந்தால் பயிரும் அதற்கேற்பக் குறையும். தண்ணீருக்கு பட்ஜெட்! புல் வளர்ந்தது, மாடு பெருகியது. ஒருநாளைக்கு 150 லிட்டராக இருந்த பால் பதினைந்து ஆண்டுகளில் 4,000 லிட்டரைத் தொட்டது. பிழைக்கப் போன குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தன.

ராஜஸ்தானில் பிப்லாந்திரி. சலவைக்கல் சுரங்கங்கள் குடைந்துபோட்ட மண். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தால் ஊர் 111 மரம் நடுகிறது! குழந்தையின் பேரில் வங்கியில் வைப்புத்தொகையும் போடுகிறார்கள். படிக்கவைப்போம், சின்ன வயதில் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதியும் வாங்கிக்கொள்கிறார்கள். மரங்களைக் கரையான் அரிக்காமலிருக்கச் சுற்றிலும் சோற்றுக்கற்றாழை வைத்தார்கள். அதுவே பெண்களுக்குத் தொழிலாகிவிட்டது.

எல்லாம் இந்த நூற்றாண்டு, போன நூற்றாண்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கு ஒரு குழு, தோட்டத்துக்கு ஒரு குழு, பொன்னுக்கு ஒரு குழு என்று ஊர்ச்சபை பிரித்து நடத்திய காலம் எது தெரியுமா? 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, உத்திரமேரூரில்! முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919இலும் 921இலும் பொறித்தவை. ஊரின் பகுதிகளான 30 குடும்புகளிலிருந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, ஓலை நறுக்கில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஊரில் புழங்கும் பொன்னின் தரத்தைப் பார்த்துக்கொள்ளப் பொன் வாரியம், அதற்கும் 6 பேர். பதவி 360 நாள். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்திருந்தது; பெண்ணுக்கும் உழைத்த பெருங்கூட்டத்துக்கும் அதில் இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு விதி என்னைச் சிலிர்க்கவைக்கிறது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், பிள்ளை, மாமன், மைத்துனன் என்று நெருங்கிய சொந்தம் எவருமே நிற்க முடியாது! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எழுத்து எழுத்தாக இருக்கிறது. காஞ்சிபுரம் போகிறவர்கள் அப்படியே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.